முகம் இல்லாத நூற்றுப் பன்னிரண்டு நம்பர்கள்

பனகல் பூங்காவைத் தாண்டியபோதுதான் கடையின் அடையாள அட்டை இன்னும் என் கழுத்தில் தொங்குவது தெரிந்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன். புதன்கிழமை மத்தியானம். மெட்ரோ வேலைக்காகச் சாலையின் பாதியைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் பஸ், ஆட்டோ, துணிக்கடைப் பைகளோடு ஜனங்கள், நான்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன். லாரியில் கிளீனர், கோயம்பேட்டில் மூட்டை, கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது, ரங்கநாதன் தெருத் துணிக்கடை வாசலில் பைகளை வாங்கிவைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. சண்டையெல்லாம் போடமாட்டேன். ஒருநாள் கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். சோறும் படுக்க இடமும் எங்காவது கிடைக்கும். கிடைக்காத நாட்களும் உண்டு, அவையும் கழிந்துவிடும். கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்திருக்காது. அன்றைக்கு மட்டும் தெரிந்திருந்தது. பில் புத்தகத்தைப் பார்த்து ஒரு முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். மந்தைவெளி, பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இருக்கும் ஒரு அம்மாவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது பொய் என்று சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் விட்டுவந்தது தி.நகரில் ஒரு செல்போன் கடை. நாலு மாதம் இருந்தேன். புதுப் போன் வாங்குகிறவர்கள் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். பழையதில் இருக்கும் நம்பர், படம் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா என்று அவர்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே பழைய போனை முழுவதுமாக அழிக்க வேண்டும். அந்தப் போன் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அழிப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து செய்த வேலை. ஏசி இருந்தது. வருகிறவர்கள் என்னை சார் என்றார்கள்.

அந்த அம்மா வந்தது சனிக்கிழமை. ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரலெல்லாம் தடிப்பாக, உள்ளங்கை மட்டும் எண்ணெய் ஏறிப் பளபளவென்று இருந்தது. பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவர் தொழில். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் குழந்தை பிறந்த வீடுகளுக்குத் தினமும் காலையில் போவார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்கவைத்துவிட்டு வருவார். ஒரு வீட்டில் நாற்பது நாள், சில வீட்டில் மூன்று மாதம்.

“பழசுல சத்தமே வர்ல நைனா. பையில வச்சா அடிக்கிறது தெர்ல. அடையார்ல ஒரு வூடு. மொத கொயந்தைக்கு நான்தான் ஊத்துனேன், அப்போ மயிலாப்பூர்ல இருந்தாங்க. இப்ப ரெண்டாவது, நேத்து பொறந்துட்சாம். வூட்டுக்கு வந்ததும் போன் பண்றோம், அன்னிலேர்ந்து வந்துடுன்னு சொல்லிக்கீறாங்க. அடையார்ல வூடு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது. அந்த போன வுட்டேன்னு வை, மூணு மாசம் வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டிதுதான்.”

“அதெல்லாம் தெளிவா கேக்கும்மா. தெருமுனையிலேர்ந்தே கேக்கும்” என்றேன்.

“அப்ப தெருவே எந்திரிச்சு வந்து எடுக்கும்” என்று சிரித்தார்.

போனை மாற்ற இரண்டு வழிகள் இருந்தன. கேபிள் போட்டு எல்லாவற்றையும் அப்படியே மாற்றினால் முக்கால் மணி நேரம் ஆகும். நம்பர்களை மட்டும் சிம் கார்டில் ஏற்றி, அந்தச் சிம்மைப் புதுப் போனில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும். அவருடைய பழைய போனில் கேபிள் செருகும் இடம் லொடலொடவென்று ஆடியது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம் பின்னால் நின்றது. சிம் வழியாகவே போனேன். தனியாக இருந்த படங்களை மெமரி கார்டில் மாற்றினேன். கோயில் கோபுரம், மகன் ஓட்டும் கார் என்று இருபது இருபத்தைந்து படம். நம்பர் பட்டியலில் ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் சின்ன வட்டத்தில் ஒரு குழந்தை முகம் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. யார் போனைத் திறந்தாலும் குழந்தைப் படம் இருக்கும்.

பழையதில் நூற்றுப் பன்னிரண்டு நம்பர். புதியதிலும் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

“அம்மா, ஒரு தடவை பாத்துக்குங்க. எல்லாரும் வந்துட்டாங்களான்னு.”

அவர் போனைக் கையில் வாங்கவில்லை. “கண்ணாடி எடுத்தார்ல நைனா. நீ பாத்தா சரி.”

கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே பேங்கில் பேனா இல்லை என்று சொல்லி அடுத்தவரைப் படிவம் எழுதவைப்பவன். அந்த இடத்தில் ஒருவரை வற்புறுத்தக் கூடாது, பத்துப் பேருக்கு முன்னால் கூசிப்போவார்கள். அந்த மரியாதையை நினைத்துத்தான் நான் பேசாமல் இருந்தேன். போனை அவர் பக்கம் திருப்பி, ஒருமுறை பட்டியலை மேலும் கீழும் தள்ளிக் காட்டியிருந்தால் போதும், அந்த நிமிஷமே அவர் கத்தியிருப்பார். காட்டவில்லை. பழைய போனை எடுத்து, எல்லாவற்றையும் அழிக்கும் இடத்தில் விரலை வைத்தேன். திரை கறுத்து மறுபடி வெள்ளையாக வந்தது.

திங்கட்கிழமை அவர் திரும்ப வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், கடையில் கூட்டம் இல்லை.

“நைனா, மூஞ்சி ஒண்ணுகூட வர்லியே? எல்லாம் வட்டம் வட்டமா காலியா கீது.”

அப்போதுதான் கேட்டேன். அவர் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வீட்டில் வேலைக்குப் போன முதல் நாள், எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால், தன் போனைக் குழந்தையின் அம்மாவிடம் கொடுப்பார். குழந்தையை ஒரு படம் எடுத்து, உன் நம்பர்மேல் அந்தப் படத்தை வைத்துக் கொடு என்பார். அதற்குப் பிறகு அந்த வீடு என்றால் அந்த முகம்தான். போன் அடித்தால் குழந்தை திரையில் வரும், எந்த வீடு என்று தெரிந்துவிடும். முகம் இல்லாமல் போன் அடித்தால் எடுக்கவே கூடாது என்று மகன் கண்டித்துச் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் யாரோ போனில் பேசிப் பேசியே பணத்தைப் பிடுங்கிவிட்டார்களாம். பேர் என்று அந்தந்த அம்மாக்கள் அடித்துவைத்ததெல்லாம் அவசரத்துக்கு அடித்தவை. பேபி, பேபி ஒன்று, பேபி அம்மா, மாடி வீடு. பேபி என்று மட்டும் பத்தொன்பது இருந்தன.

சிம் கார்டில் பேரும் நம்பரும்தான் நிற்கும், படம் நிற்காது. இது எனக்குத் தெரியும். கடையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. அந்தப் படங்களைப் போனில் தனியாக வேறு எங்கும் வைத்திருக்கவும் இல்லை. இடம் போதவில்லை என்று மகன் போன வருஷமே துடைத்துவிட்டானாம். பழைய போனை வாங்கிய கடையில் யாரோ அவர் பேரில் ஒரு மெயில் ஐடி போட்டிருந்தார்கள், அதன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அந்த முகங்கள் பழைய போனில் மட்டும்தான் இருந்தன. அதை நான் அழித்திருந்தேன்.

முதலாளி சொல்லித்தான் பொய் சொன்னேன் என்று எழுதினால் எனக்கு வசதி. அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். நான்தான் சொன்னேன். அந்த அம்மா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். போச்சும்மா, என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

“படம்லாம் வெயிட் ஜாஸ்திம்மா. மெதுவாத்தான் எறங்கும். நெட்டை ஆன் பண்ணி சார்ஜ்ல போட்டு வைங்க. ரெண்டு நாளைக்குப் போனைத் தொடாதீங்க. நடுவுல எடுத்தீங்கன்னா அறுந்துடும்.”

“தொடவே கூடாதா?”

“தொடாதீங்க.”

“சரி நைனா. அவசரம் ஒண்ணுமில்ல, வந்தா போதும்” என்று சொல்லிவிட்டு, போனைத் துணிக்கடைப் பையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அல்லது அதற்குள் நான் வேறு எங்காவது போயிருப்பேன். எப்போதும் அப்படித்தான் கணக்குப் போடுவேன்.

புதன்கிழமை அவர் மறுபடி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவரைப் பார்த்ததும் கவுண்டருக்குக் கீழே குனிந்து, சார்ஜர் பெட்டியில் எதையோ தேடுவதுபோல உட்கார்ந்துகொண்டேன். முதலாளி தெற்கத்திக்காரர், அண்ணாச்சி என்போம். அவரிடம் அந்த அம்மா கேட்பது தலைக்கு மேலே கேட்டது.

“அந்தப் புள்ள இல்லியா?”

“டீ குடிக்கப் போயிருப்பான். என்ன விஷயம், சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, படம் இன்னும் எறங்கல. போனை வூட்ல சார்ஜ்லயே வுட்டுட்டு வந்துக்கீறேன், தொடல. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு கேக்க வந்தேன்.”

“இறங்கும்மா, இறங்கும். போயிட்டு வாங்க.”

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னைப் பார்த்து, “ஏலே, என்னத்தலே சொல்லி அனுப்பிச்ச? ரெண்டு நாளா சார்ஜ்லயே போட்டு வச்சிருக்காவளாம்! போன் என்ன, இட்லிக் கொப்பரையால?” என்றார். பக்கத்துக் கவுண்டர்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பில் புத்தகத்தை எடுத்து முகவரியைப் பார்த்தேன். வெளியே வந்தபோது அவர் பஸ் ஏறிப் போயிருந்தார்.

வெங்கட்நாராயணா சாலை, நந்தனம் சிக்னல், சேமியர்ஸ் சாலை என்று நடந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாம். சொல்ல வேண்டியதை ஒழுங்கு பண்ணிக்கொள்ள நேரம் வேண்டியிருந்தது. ஒழுங்கு பண்ணப் பண்ண அது வேறொரு பொய்யாகவே வந்தது. கம்பெனியில் கோளாறு என்று ஒரு முறை வந்தது. சிம் கார்டு பழசு என்று ஒரு முறை. நாற்பத்தைந்து நிமிஷம் நடந்து மந்தைவெளிக்கு வந்தபோது உள்ளங்கையில் எழுதியிருந்தது வியர்வையில் பாதி கலைந்திருந்தது. குழந்தைக்குத் தண்ணி ஊத்துற அம்மா வீடு எது என்று இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன், கையைக் காட்டினார்.

ஒரே அறை. கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜின் மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் போன், போனிலிருந்து ஒயர் சுவருக்குப் போயிருந்தது. வெயில் நேரம், ஆனால் ஃபேன் ஓடவில்லை.

“வா நைனா! நீயே வந்துட்டியா? நான் இப்பத்தான் ஒங் கடைக்குப் போயிட்டு வரேன். குந்து. வேர்க்குதா? ஃபேன நிறுத்தி வச்சிக்கீறேன், கரண்டு அதுக்கு முழுசா போவட்டும்னு.”

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது போன் அடித்தது. நான் சொன்னதுபோலவே நல்ல சத்தம். திரையில் பேபி அம்மா என்று வந்தது. அவர் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

“மூஞ்சி இன்னும் வர்ல” என்றார்.

“எடுங்கம்மா!”

“எடுத்தா அறுந்துடும்னு நீதான சொன்ன?”

அது அடித்து அடித்து ஓய்ந்தது. படம் வரும் என்று சொன்னதுதான் என் பொய் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தொடாதே என்று சொன்னதை நான் மறந்தேபோயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

“திங்கக்கெழமலேர்ந்து எடுக்கவே இல்லியா?”

“எங்க எடுக்குறது? அது பாட்டுக்கு அடிச்சிக்கினே இருந்துச்சு. எம் பையனே நாலு வாட்டி அடிச்சான் போல. எடுக்கல. நேர்ல வந்து, உயிரோட கீறியா இல்லியான்னு கத்திட்டுப் போனான். போடா, எம் புள்ளைங்க எறங்கிக்கினு கீதுன்னேன்.” சிரித்தார். “நூத்துப் பன்னெண்டு புள்ள. ஒரு வண்டி புள்ளடா, மெதுவாத்தான் எறங்கும்னேன்.”

அப்போது சொன்னேன். ஒழுங்கு பண்ணி வந்தது எதுவும் வாயில் வரவில்லை. “படம் வராதும்மா. நான் அழிச்சிட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்றேன்.

அவர் கீரைக் காம்பைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப அடையார் வூடு?” என்றார்.

எழுந்துபோய் போனை எடுத்தேன். இரண்டு நாளில் எடுக்காத கால்கள் முப்பத்தொன்று. அதில் ஒரு நம்பர் மட்டும் ஒன்பது முறை. பேபி என்று போட்டிருந்த பத்தொன்பதில் ஒன்று. திங்கட்கிழமை சாயங்காலம் நாலு முறை, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை ஐந்து. அதற்கப்புறம் இல்லை. அவரிடம் எதுவும் சொல்லாமல் அந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன்.

வயதான பெண் குரல் எடுத்தது. “ஹலோ, ஆயாம்மாவா? என்ன ஆச்சு உங்களுக்கு? ஆத்துல நாங்க மாத்தி மாத்திப் பண்ணிண்டே இருந்தோம். மாப்பிள்ளை நம்பர்லேந்துகூடப் பண்ணினோம்.”

“போன் ரிப்பேர் ஆயிட்சும்மா” என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை. “நாளிக்குக் காலீல வந்துடட்டுமா? வூடு எங்கன்னு சொல்லு.”

“இல்ல, நீங்க எடுக்கலையேன்னு… உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சுண்டோம். நேத்தி மத்தியானம் வேற இடத்துல சொல்லி ஏற்பாடு பண்ணிட்டா. இன்னிக்குக் காத்தாலேந்து அவ வர ஆரம்பிச்சுட்டா. மூணு மாசத்துக்குப் பேசியாச்சு. என் பொண்ணு உங்களையேதான் கேட்டுண்டிருந்தா. தப்பா எடுத்துக்காதீங்கோ.”

“ஐய, இதுல இன்னா தப்பு கீது. கொயந்த நல்லா கீதா?”

“நன்னா இருக்கு. பெரியவன் மாதிரியே.”

“தொப்புள் வுழற வரிக்கும் வவுத்துல எண்ணெய் படாம பாத்துக்கச் சொல்லும்மா அவள. சாம்பிராணி ரொம்ப போட வாணாம்.”

“சொல்றேன், சொல்றேன். வச்சுடட்டுமா?”

அவர் தலையாட்டினார். தலையாட்டியது போனில் தெரியாது. நான்தான் போனைக் கட் பண்ணினேன்.

“ரிப்பேர்னு ஏம்மா சொன்னீங்க? என் பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“ஒருத்தன் தொடாதன்னான், நானும் தொடாம குந்திக்கினு இருந்தேன்னு சொல்றதா? என்னிய இன்னா நெனப்பாங்க? அவங்க வூட்டுக் கொயந்தைய எங் கைல குடுப்பாங்களா?” என்றார். கீரையை மறுபடி உருவ ஆரம்பித்தார்.

மற்ற நம்பர்களுக்காவது படம் வாங்கிவிடலாம் என்றேன். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, குழந்தையின் படம் ஒன்று அனுப்பச் சொல்லி, நானே உட்கார்ந்து வைத்துத் தருகிறேன் என்றேன். அவர் ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வரிசையாகக் கூப்பிட்டோம். சிலர் எடுக்கவில்லை. சில நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. எடுத்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மாடவீதிப் பக்கம் ஒரு அம்மா, “அய்யோ ஆயா, அவ இப்ப ரெண்டாங் கிளாஸ். இதோ அனுப்பறேன்” என்று உடனே அனுப்பினார். இரட்டைப் பின்னல், முன் பல் இரண்டு இல்லை, பள்ளிக்கூடச் சீருடை.

அவர் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

“இது யாரு?”

“அவங்க பொண்ணுதான்.”

“எங் கையில இருந்த புள்ளைக்கு மூக்கு இப்டி இருக்காதே. டெய்லி நீவி நீவி எடுத்து வச்சேன். யாரு இத்த சப்ப ஆக்குனது?”

அடுத்தது உருது பேசும் ஒரு குடும்பம், பாய் வீடு என்று அவருக்கே குரலில் தெரிந்துவிட்டது. “அரே, ஆயாம்மா! எங்க காணாமப் போயிட்டீங்க? பிரியாணிக்கு வாங்கன்னா வரமாட்றீங்க!” என்று சத்தம்போட்டுப் பேசினார்கள். கிரிக்கெட் மட்டையோடு பத்து வயதுப் பையன் படம் வந்தது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சின்ன வயசுப் படம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். பழைய போனோடு போய்விட்டதே ஆயா, உங்களிடம்தான் இருக்கும் என்று பதில் வந்தது. வேறு மூன்று வீடுகளிலும் அதேதான். முதல் நாள் படம் அவர்களிடமும் இல்லை. அவருடைய போனில் எடுத்தது, அவரிடம் மட்டுமே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பதினான்கு படம் சேர்ந்தது. பதினான்கையும் அந்தந்த நம்பரில் வைத்துக் காட்டினேன். இது இன்ன வீடு, இது இன்ன வீடு என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் மூன்றாவதிலேயே நிறுத்தினார்.

“நீ சொல்லும்போது தெரியுது. நீ போனப்புறம்? எல்லாம் ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க. தெருவுல போறதுங்க மாரியே கீது.” போனை என் கையிலிருந்து வாங்கித் துண்டின்மேல் வைத்தார். “கண்ண மூடிக்கினா அதுங்க மூஞ்சி இன்னும் எனக்குத் தெரியுது. போன்ல ஏத்தத்தான் முடியாது.”

பிறகு, “நீ எதுவரிக்கும் படிச்ச?” என்று கேட்டார்.

“எட்டாவது பாதி.”

“அவ்ளோதானா? கண்ணாடிக் கதவு போட்ட கடைல குந்திக்கினு கீறியே, பெரிய படிப்புன்னு நெனச்சேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக்குக் காலையிலிருந்து தெருத் தெருவாகப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நம்பர் தெரியாவிட்டாலும் அந்த வீடுகளுக்குப் போகிற வழியைக் கால்கள் மறக்கவில்லையாம். எந்த வீட்டிலாவது யாராவது மாசமாக இருப்பார்கள், சொல்லிவைத்துவிட்டு வரலாம் என்றார். நானும் கூட வருகிறேன், வாசல்களைப் படம் எடுத்து அந்தந்த நம்பரில் வைத்துவிடலாம் என்றேன்.

“வாணாம். நீ இன்னும் ஏதாவது பண்ணிவைப்ப” என்றார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர், “கடைக்குத் திரும்பப் போவியா?” என்றார். இல்லை என்றேன். “போவாத. நல்லது” என்றார்.

திங்கட்கிழமை அந்தக் கவுண்டரில் வைத்தே சொல்லியிருக்கலாம். முகம் போச்சும்மா, ஆனால் நம்பர் இருக்கிறது, யார் அடித்தாலும் போனை எடுங்கள் என்று. ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்திருக்கலாம். திங்கட்கிழமை சாயங்காலமே அடையார் வீட்டில் பேசியிருப்பார். இன்றைக்கும் இதை எந்தப் பக்கமிருந்து திருப்பிப் பார்த்தாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் வந்து நிற்கிறது.

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் கீழே படுத்து எழுந்தேன். காலையில் மார்க்கெட் பக்கம் போகும் வழியில் தண்ணீர் கேன் போடும் கடை ஒன்றில் ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். கடைக்காரர் என் தோளையும் காலையும் பார்த்தார்.

“மாடிக்குத் தூக்குவியா? லிஃப்ட்லாம் இருக்காது.”

“தூக்குவேன்.”

“போன்ல ஆர்டர் வரும். வாங்கி, வூடு பாத்து, லொகேஷன் போட்டுப் போவத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

“இந்தக் காலத்துல போன் தெரியாம எங்கேர்ந்துயா வர? சரி, அப்ப பக்கத்து ரெண்டு தெரு மட்டும் போடு. நான் வாயால சொல்றேன், மனசுல வச்சுக்க.”

மூன்று சக்கர வண்டியில் பதினெட்டு கேன் ஏற்றினேன். நாலாவது வீடு மூன்றாவது மாடி. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். பால்கனிக் கயிற்றில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. கேனை இறக்கிவைத்துவிட்டு, கதவைத் திறந்த அம்மாவிடம், “குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வேணுமாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க” என்று கேட்டேன்.

“ஆள் வராங்களே” என்றார் அவர்.

காலிக் கேனை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.